/வார் அடைவுக்கு ஒரு பதிவேடு: எண்ணும் காரணமும்

சூடோ சிஎச்மோட் -ஆர் 755 /வார்

நான் அடிக்க நினைத்த கட்டளை இது இல்லை. லினக்ஸில் ஒரு கோப்பையோ அடைவையோ யார் என்ன செய்யலாம் என்ற அனுமதியை மாற்றுவது சிஎச்மோட். ‘-ஆர்’ என்றால் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும். 755 என்பதன் மூன்று இலக்கங்கள் வரிசையாகச் சொந்தக்காரர், குழு, மற்றவர்கள்; வாசிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டியது ஒவ்வொன்றும். /வார் என்பது பதிவுகள், தரவுத்தளம் போல மாறிக்கொண்டே இருப்பவை வாழும் அடைவு. ஒரு திட்டத்தின் அடைவுக்குள் இருந்தேன். அதற்குள்ளேயே ‘வார்’ என்ற பெயரில் சின்னதாக ஓர் அடைவு இருந்தது, அதன் அனுமதியை மாற்ற வேண்டியிருந்தது. பழக்கத்தில் முன்னால் ஒரு சாய்கோடு சேர்ந்துகொண்டது. பத்துப் பன்னிரண்டு கோப்புகளுக்குக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகியிருக்கக் கூடாது. திரை சில நொடிகள் அசையாமல் நின்றபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது.

லினக்ஸோடு வரும் குனூவின் சிஎச்மோடில், எல்லா அடைவுகளுக்கும் மேலே இருக்கும் வேரடைவைக் காப்பாற்றும் விருப்பம் ஒன்று உண்டு, ஆனால் இயல்பாக அது அணைந்தே இருக்கும். அதைப் போட்டிருந்தாலும் ‘/’ ஒன்றுக்குத்தான் காவல், ‘/வார்’ அடைவுக்கு இல்லை.

உடனே எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தேன். இணையதளம் திறந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பதில் சொன்னது. பிழைச் செய்தி எதுவும் கண்ணில் படவில்லை. /வார்/டெம்ப் 1777 ஆக இருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருந்ததால் அதைத் திருப்பி வைத்தேன். மற்றவை பழைய நிலையில் என்னவாக இருந்தன என்று எனக்குத் தெரியவில்லை, எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. ஓடுகிறதே, சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாறு நாள் கழித்து, அதே இயந்திரத்தைப் பயன்படுத்தும் தம்பி ஒருவர், “அண்ணா, க்ரான்டாப் சேவ் ஆக மாட்டேங்குது, பர்மிஷன் டினைட்னு வருது” என்றார். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல் க்ரான், அதற்கு ஒவ்வொரு பயனரும் எழுதிவைக்கும் அட்டவணை க்ரான்டாப். அவருடைய கணக்குக்கு அனுமதி கொடுக்க விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, அப்புறம் பார்க்கிறேன் என்றேன். அந்த ஒரு வரியை அன்றைக்கே துருவிப் பார்த்திருக்க வேண்டும்.

பதினோராவது நாள் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் புதுப்பிப்புக்காக இயந்திரத்தை மறுதொடக்கம் செய்தேன். போஸ்ட்கிரெஸ் எழவில்லை. தரவு அடைவின் அனுமதி செல்லாது, 0700 ஆகவோ 0750 ஆகவோ இருக்க வேண்டும் என்று பதிவில் தெளிவாகவே சொல்லியிருந்தது. 700 ஆக்கினேன், எழுந்துவிட்டது. அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். மூன்று நாள் கழித்து ஒரு பழைய கோப்பை மீட்க வேண்டி காப்புப்பிரதிகளைத் திறந்தால், மறுதொடக்கம் செய்த இரவிலிருந்து ஒன்றுகூட இல்லை. காப்புப்பிரதி எடுப்பதை ஓட்டுவது க்ரான்தான், அதன் பதிவைப் பார்த்தேன். பயனரின் க்ரான்டாப் கோப்பு பாதுகாப்பற்ற நிலையில் இருக்கிறது, 0600 எதிர்பார்க்கப்படுகிறது என்று ஒரு வரி. அந்தக் கோப்பை ஏற்காமல் க்ரான் நகர்ந்திருந்தது.

மறுதொடக்கம் வரைக்கும் மட்டும் இது எப்படி ஓடியது என்பதைத் தேடியபோதுதான் பதிவேடு எழுதும் எண்ணமே வந்தது. க்ரான் நிமிடத்துக்கு ஒரு முறை க்ரான்டாப்ஸ் அடைவை எட்டிப் பார்க்கும். அது பார்ப்பது உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரத்தை. அனுமதியை மாற்றினால் அந்த நேரம் மாறாது. அதனால் ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றி வைத்திருந்த அட்டவணையையே க்ரான் ஓட்டிக்கொண்டிருந்தது. மறுதொடக்கத்தின்போது கோப்புகளைப் புதிதாகத் திறந்தது, 755 என்று கண்டது, ஒதுக்கிவிட்டது. போஸ்ட்கிரெஸும் அப்படித்தான், எழும்போது ஒரு முறைதான் தன் அடைவைச் சரிபார்க்கும். ஆக, அனுமதி கெட்ட நாள் ஒன்று, அது வெளியே தெரியவந்த நாள் இன்னொன்று. இடையில் இருந்த 11 நாளும் தரவுத்தளக் கோப்புகளை அந்த இயந்திரத்தில் கணக்கு வைத்திருந்த யாரும் வாசித்திருக்க முடியும். அனுமதியைத் திருப்பி வைத்தால், ஒருவர் படித்தது படிக்காததாகிவிடாது. அதனால் தரவுத்தளத்தின் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன். வேலை அதிகம்தான், ஆனால் அதைத் தவிர்க்கக் கூடாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அப்புறம் பதிவேட்டு வேலை தொடங்கியது.

முதலில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுத்தமான மாதிரி வேண்டும். என் இயந்திரத்தில் இருக்கும் அதே லினக்ஸ் வகையான டெபியன் 12, அதே மென்பொருள் தொகுப்புகளோடு ஒரு மெய்நிகர் இயந்திரத்தை நிறுவினேன். இரண்டிலும் கோப்புகளைத் தேடிப் பட்டியலிடும் ஃபைண்ட் கட்டளையை அதன் பிரிண்ட்எஃப் விருப்பத்தோடு ஓட்டி, அனுமதி எண், உரிமையாளர் பெயர், குழுவின் பெயர், பாதை என்ற நான்கையும் வரிக்கு ஒன்றாக எடுத்தேன். வரிசைப்படுத்தி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் போட்டேன். உரிமையாளரையும் குழுவையும் பெயராகவே எடுக்க வேண்டும். சேவைக் கணக்குகளின் எண்கள் நிறுவிய வரிசையைப் பொறுத்து இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். எண்ணாக எடுத்தால் டிஃப் முழுக்கப் பொய் வேறுபாடுகளாக வந்து நிற்கும். அதோடு, வேறு கோப்பு முறைமைக்குள் போகாதே என்று சொல்லும் எக்ஸ்டெவ் விருப்பத்தைப் போட்டிருந்தேன். என் இயந்திரத்தில் /வார்/லாக் தனிப் பகிர்வில் இருந்ததால் அது முழுசாக விடுபட்டுப்போனது. பட்டியலில் லாக் என்ற அடைவின் பெயர் மட்டும் இருந்து, உள்ளே ஒன்றும் இல்லாததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

டிஃப் நிறையச் சொல்லிக்கொடுத்தது. ‘-ஆர் 755’ என்றால் எல்லாம் 755 ஆகியிருக்கும் என்றுதானே நினைப்போம்? /வார்/மெயில் 2775 ஆக இருந்தது 2755 ஆகியிருந்தது. முன்னால் நிற்கும் 2 தப்பித்துவிட்டது. ஆனால் க்ரான்டாப்ஸ் அடைவு 1730 ஆக இருந்தது வெறும் 755 ஆகியிருந்தது, அதன் முன்னிலக்கம் 1 போய்விட்டது. காரணம் இதுதான்: அடைவுகளைப் பொறுத்தவரை, மூன்று இலக்க எண் கொடுத்தால் குனூவின் சிஎச்மோட் முன்னிலக்கத்தில் 4 ஆக வரும் செட்யூஐடி, 2 ஆக வரும் செட்ஜிஐடி இரண்டையும் தொடாமல் விடும். 1 ஆக வரும் ஸ்டிக்கி பிட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. இது தெரியாமல் ‘எல்லாம் 755 ஆகிவிட்டது’ என்று கணக்குப் போட்டுத் திருத்தப் போனால், திருத்தமும் தப்பாகும்.

மாதிரி இயந்திரத்தால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. அதில் எங்கள் பயனர்கள் இல்லை, எங்கள் தரவுத்தளம் இல்லை. பயனர்களின் க்ரான்டாப் கோப்புகளுக்கு ஒப்பிட அங்கே எதிர்ப்பக்கமே கிடையாது. அந்த இடத்தில் பழைய எண் கிடைக்காது, விதி தெரிந்திருக்க வேண்டும்: அடைவு 1730, உள்ளே ஒவ்வொரு கோப்பும் அதன் பயனருக்குச் சொந்தம், 0600. எண்ணை மட்டும் குறித்துவைத்தால் போதாது, ஏன் அந்த எண் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

எழுதத் தொடங்கும் முன் ஒன்றை எனக்கே தெளிவாக்கிக்கொண்டேன். கோப்பில் வாசி, எழுது, இயக்கு என்று மூன்று. அடைவிலும் அதே மூன்று எழுத்துகள்தான், ஆனால் பொருள் வேறு. அடைவை வாசிப்பது என்றால் உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியலிடுவது. எழுதுவது என்றால் பெயரைச் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது. இயக்குவது என்றால் அதைக் கடந்து உள்ளே போவது. ஒரு கோப்பை அழிக்கலாமா என்பதை அந்தக் கோப்பின் அனுமதி தீர்மானிப்பதில்லை, அது இருக்கும் அடைவின் அனுமதிதான் தீர்மானிக்கிறது. 444 என்று பூட்டிவைத்த கோப்பைக்கூட, அடைவில் எழுத முடிந்தவர் அழித்துவிடலாம். எல்லோரும் எழுதும் /டெம்ப் அடைவுக்கு முன்னால் 1 நிற்பது இதற்காகத்தான். அந்த ஸ்டிக்கி பிட் இருந்தால், கோப்பின் சொந்தக்காரர், அடைவின் சொந்தக்காரர், எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கான ரூட் இவர்களைத் தவிர யாராலும் ஒரு பெயரை நீக்கவோ மாற்றவோ முடியாது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு க்ரான்டாப்ஸின் 1730 என்ற எண்ணைப் படித்துப் பார்த்தேன். எனக்கு இந்த எண் ரொம்பப் பிடித்துப்போனது. சொந்தக்காரரான ரூட்டுக்கு 7, எல்லாம் உண்டு. குழுவுக்கு 3: உள்ளே போகலாம், புதிதாக வைக்கலாம், ஆனால் பட்டியலைப் பார்க்க முடியாது. மற்றவர்களுக்கு 0. பயனர் நேரடியாக இந்தக் குழுவில் இருப்பதில்லை. க்ரான்டாப் என்ற நிரல் செட்ஜிஐடி ஆக இருப்பதால், அது ஓடும்போது மட்டும் அந்தக் குழுவின் பலத்தைப் பெறுகிறது. அந்த நிரலில் ஓட்டை இருந்து யாராவது புகுந்தாலும், யார் யாருக்கு க்ரான்டாப் இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது, 3 என்பதில் வாசிப்பு இல்லை. அடுத்தவர் கோப்பை நீக்க முடியாது, முன்னால் 1 இருக்கிறது. திறந்து படிக்கவும் முடியாது, கோப்பு 0600. நான்கே இலக்கத்தில் இத்தனை யோசனை. நான் 755 என்று மாற்றியபோது குழுவின் எழுதும் உரிமை போனது. தம்பியின் க்ரான்டாப் சேமிக்காமல் நின்றதற்கு அதுதான் காரணம். அவரிடம் போய் விவரம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

பதிவேட்டில் என்னென்ன பத்திகள் வேண்டும் என்று இரண்டு முறை மாற்றினேன். பாதை, எண், உரிமையாளர், குழு, பயன், காரணம் என்று தொடங்கியது. பிறகு இரண்டைச் சேர்த்தேன்: இதை உருவாக்குவது யார், இதை யார் எப்போது சரிபார்க்கிறார்கள். பின்னால் சேர்த்த இந்த இரண்டும்தான் இன்றைக்கு அதிகம் உதவுகின்றன. ஒரு மாதிரிக்கு மூன்று வரிகள்:

/வார்/டெம்ப், 1777, ரூட்:ரூட். மறுதொடக்கத்தைத் தாண்டியும் இருக்க வேண்டிய தற்காலிகக் கோப்புகள். எல்லோரும் எழுதலாம், அடுத்தவருடையதை அழிக்க முடியாது. உருவாக்குவது: அடிப்படை நிறுவல்.

/வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/15/மெயின், 0700, போஸ்ட்கிரெஸ்:போஸ்ட்கிரெஸ். தரவுத்தளத்தின் மூலக் கோப்புகள். தரவுத்தளத்தின் சொந்தப் பயனர் கட்டுப்பாடுகளைச் சுற்றிக்கொண்டு யாரும் நேராக வாசிக்கக் கூடாது. சரிபார்ப்பது: தரவுத்தளம், எழும்போது மட்டும்.

/வார்/லாக்/பிடிஎம்ப், 0660, ரூட்:யூடிஎம்ப். தோற்றுப்போன நுழைவு முயற்சிகள். பயனர்பெயர் கேட்கும் இடத்தில் அவசரத்தில் கடவுச்சொல்லை அடித்துவிடுபவர்கள் உண்டு, அதுவும் இதில் பதிவாகும். அதனால் பொதுவில் வாசிக்கக் கூடாது. சரிபார்ப்பது: எஸ்எஸ்எச் சேவை, தோற்ற நுழைவு ஒன்றைப் பதியும்போது மட்டும்.

வேறு சில வரிகளில் சரிபார்ப்பது ‘யாரும் இல்லை’ என்று முடியும், அவற்றுக்கு நட்சத்திரக் குறி போட்டேன். அவை கெட்டால் எந்த நிரலும் நின்றுபோகாது, எந்தப் பிழைச் செய்தியும் வராது. பதிவேட்டில் மிக முக்கியமானவை அவைதான்.

உருவாக்குவது யார் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் அதிகம் ஆனது. தொகுப்பின் உள்ளடக்கப் பட்டியலில் அனுமதி எண்கள் இருக்கும், அதைப் பார்த்தாலே போதும் என்று முதலில் நினைத்தேன். க்ரான்டாப்ஸின் 1730 அதில் கிடைக்கவில்லை. க்ரான் தொகுப்பு நிறுவி முடிந்ததும் ஓடும் சிறு நிரல்தான் அந்தக் குழுவையும் எண்ணையும் வைக்கிறது. குழு அப்போதுதான் பிறக்கிறது என்பதால் வேறு வழியும் இல்லை. /ரன் கதை இன்னும் வேறு. அது நினைவகத்தில் இருப்பது, ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாகக் கட்டப்படுவது. அங்கே கையால் சிஎச்மோட் போட்டால் அடுத்த தொடக்கத்தில் காணாமல் போய்விடும். மாற்றம் நிலைக்க வேண்டுமென்றால் இயந்திரம் எழும்போது சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் டெம்ப்ஃபைல்ஸ் விதிக் கோப்பில் எழுத வேண்டும். அந்த விதிகளில் /வார்/டெம்ப் அடைவுக்கும் ஒரு வரி உண்டு. அது உயிரோடு இருக்கும் இயந்திரங்களில் 1777 தானாகவே திரும்பிவரும். டெபியன் 12 அந்த வரியைக் கருத்துக்குறி போட்டு முடக்கி வைத்திருக்கிறது.

பதிப்பு எண்ணையும் பதிவேட்டின் தலையில் எழுதுங்கள். டெபியன் 13 புதிதாக நிறுவினால் /டெம்ப் நினைவகத்தில் இருக்கும், 10 நாள் பழைய கோப்புகள் தானாக அழியும், /வார்/டெம்ப் அடைவில் 30 நாள். ‘மறுதொடக்கத்தைத் தாண்டியும் இருக்கும்’ என்று நான் எழுதிய பயன் வரி அங்கே பாதி உண்மைதான்.

பயன் பத்தியை நிரப்ப எஃப்எச்எஸ் என்ற தர ஆவணம் உதவியது. 1994 பிப்ரவரியில் லினக்ஸுக்கான தரமாகத் தொடங்கி, பெயர் மாறி, 2015 ஜூனில் 3.0 பதிப்பாக வந்தது. எந்த அடைவு எதற்கு என்று நன்றாகச் சொல்லும். அனுமதி எண்களைப் பற்றிப் பெரிதாகப் பேசாது. ஹையர் என்ற கையேட்டுப் பக்கமும் அப்படித்தான். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளத்தில் இந்த விஷயத்தை எனக்குப் பிடித்த மாதிரி செய்திருக்கிறார்கள்: பயனைச் சொல்ல ஹையர் பக்கம், எண்களையும் உரிமையாளர்களையும் சொல்ல எம்ட்ரீ விவரக் கோப்புகள். அந்தக் கோப்பைக் கொடுத்து எம்ட்ரீயை ஓட்டினால், /வார் எங்கே விலகியிருக்கிறது என்று காட்டும், கேட்டால் திருத்தியும் கொடுக்கும். ஆர்பிஎம் தொகுப்புகளைப் பயன்படுத்தும் லினக்ஸ்களிலும் அனுமதியைத் தொகுப்பின் பதிவிலிருந்து மீட்கும் விருப்பம் இருக்கிறது. டெபியனில் அதற்கு ஈடாக ஒன்றும் என் கைக்கு அகப்படாததால்தான் சொந்தப் பதிவேடு.

மற்ற அடைவுகளைச் சுருக்கமாகவே எழுதினேன். /ப்ராக், /சிஸ் இரண்டும் கெர்னல் காட்டுபவை, 555, நாம் காப்பாற்ற ஒன்றுமில்லை. /ரூட் 0700. /எட்சி/ஷேடோ 0640, குழு ஷேடோ. /பின் மட்டும் கொஞ்சம் இடம் பிடித்தது. அடைவைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டால் அது 777 என்று காட்டும், புதிதாகப் பார்ப்பவர்கள் பதறிப்போய்த் திருத்தக் கை வைப்பார்கள். அது /யூஎஸ்ஆர்/பின் அடைவைச் சுட்டும் இணைப்பு. லினக்ஸில் இணைப்பின் சொந்த அனுமதி கணக்கிலேயே வராது, போய்ச் சேரும் இடத்தின் அனுமதிதான் செல்லும். ‘இதைத் தொட வேண்டாம்’ என்று அந்த வரியில் எழுதியிருக்கிறேன்.

பதிவேடு மனிதர் படிக்க. இயந்திரம் படிக்கத் தனியாக ஒன்று வேண்டும். முதலில் ஃபைண்ட் பட்டியலையே வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். /வார்/லாக்/ஜர்னல் அடைவின் வரியில் எல்எஸ் ஒரு கூட்டல் குறியைக் காட்டியது. நிர்வாகக் குழுவுக்கு வாசிக்கும் உரிமை தரும் கூடுதல் அணுகல் பட்டியல் அதில் இருந்தது. அப்படிப்பட்ட அடைவில் சிஎச்மோட் போட்டால், குழுவுக்கான இலக்கம் அந்தப் பட்டியலின் உச்சவரம்பை மாற்றும். இதெல்லாம் ஃபைண்ட் தரும் எண்ணில் தெரியாது. அதனால் கெட்எஃப்ஏசிஎல் கட்டளையை -ஆர் விருப்பத்தோடு ஓட்டி, வந்ததை ஒரு கோப்பில் சேமித்தேன். உரிமையாளர், குழு, முன்னிலக்கம், கூடுதல் பட்டியல் எல்லாம் அதில் வரும். செட்எஃப்ஏசிஎல் கட்டளையின் ரெஸ்டோர் விருப்பம் அதைப் படித்துத் திருப்பி வைக்கும். பாதைகளின் முன்னால் இருக்கும் சாய்கோட்டை அது உரித்துவிடும் என்பதால், மீட்கும்போது வேரடைவில் இருந்து ஓட்ட வேண்டும்.

நம்பும் முன் சோதித்தேன். மெய்நிகர் இயந்திரத்தில் அதே தவறை வேண்டுமென்றே செய்தேன், மறுதொடக்கம் செய்தேன். போஸ்ட்கிரெஸ் எழவில்லை, க்ரான் அதே வரியை எழுதியது. சேமித்த கோப்பிலிருந்து மீட்டு, மறுபடி மறுதொடக்கம். இரண்டும் எழுந்தன. பழைய பட்டியலோடு டிஃப் போட்டால் வெறும் திரை. இப்போது அந்தக் கோப்பு வாரம் ஒரு முறை எடுக்கப்பட்டு வேறோர் இயந்திரத்துக்குப் போகிறது. /வார் அடைவுக்குள்ளேயே வைத்திருந்தால் அதையும் சேர்த்துத்தானே கெடுப்போம்.

நூற்றுக்கும் குறைவான வரிகளில் பதிவேடு முடிந்தது. ஒன்றில் மட்டும் காரணப் பத்தி காலியாக நின்றது. /எஸ்ஆர்வி அடைவுக்குள் ‘அறிக்கை’ என்று ஒன்று, 2770, எங்கள் குழுக்களில் ஒன்றுக்குச் சொந்தம். எனக்கு முன்னால் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் வைத்தது. ஊகித்து எழுதலாம் என்று கை போனது, ஆனாலும் கேள்விக்குறியும் தேதியும் மட்டும் போட்டு அவருக்கு எழுதிக் கேட்டேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து எழுதும் அறிக்கைகளுக்கான இடம் அது. முன்னால் 2 இருப்பதால், யார் கோப்பு உருவாக்கினாலும் அது அந்தக் குழுவுக்கே சேரும். “ஆனால் இருவரின் யூமாஸ்க்கும் 002 ஆக இருக்க வேண்டும், 022 என்றால் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்த முடியாது” என்றும் எழுதியிருந்தார். ஒருவர் புதிதாக உருவாக்கும் கோப்பிலிருந்து எந்த அனுமதிகளை விலக்க வேண்டும் என்று சொல்லும் எண்தான் யூமாஸ்க். பார்த்தேன். ஒருவருக்கு 002, இன்னொருவருக்கு 022. அவர் தன் கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பித் திருத்தி வாங்கிக்கொண்டிருந்தாராம். அதைச் சரிசெய்து, காரணத்தை அந்த வரியில் எழுதினேன்.